அவரைக்குத் தெரிந்த இரவுக் கணக்கு



நன்னிலத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு தங்கை எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறாள். கடிதம் நாலு வரிதான். கேள்வியோ மிகப் பெரியது.

"எங்கள் கொல்லையில் ஆடி மாதம் அவரை விதை ஊன்றினோம். பக்கத்து வீட்டில் புரட்டாசியில்தான் ஊன்றினார்கள். எங்கள் கொடி பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டது. அவர்கள் கொடி அப்போதுதான் பந்தலைத் தொட்டது. ஆனால் கார்த்திகையில் இரண்டும் ஒரே சமயத்தில் பூத்துவிட்டன. முன்னாடியே முளைத்த எங்கள் கொடி ஏன் முன்னாடியே பூக்கவில்லை?"

சபாஷ், தங்கை! அவரை பூத்ததை உன் தெருவில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். நீ மட்டும் விதைத்த மாதத்தையும் பூத்த மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாய். சரியாக இதே விஷயத்தைக் கவனித்த இரண்டு பேர், 100 வருஷத்துக்கு முன்னால் செடிகளைப் பற்றிய ஒரு பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் கதையைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன். அதற்கு முன் நாமே யோசித்துப் பார்ப்போமா?

முதலில், வயது. "செடி வளர்ந்து பெரிதானால் பூக்கும்" என்று சொல்லத் தோன்றும். ஆனால் தங்கை அந்தப் பதிலை அவளே அடித்துவிட்டாள். பெரிய கொடியும் சின்னக் கொடியும் ஒன்றாகப் பூத்திருக்கின்றனவே! ஆகவே வயது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

அடுத்தது மழை. உங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழை கொட்டும். மழைக்காகத்தான் கொடி காத்திருந்ததோ? இருக்காது. கொல்லையில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் தினமும் பந்தலடிக்குப் போகிறது. ஆடியிலிருந்தே அந்தக் கொடிக்குத் தாகம் கிடையாது.

சரி, குளிர்? இது நல்ல யோசனைதான். ஆனால் காவிரிப் படுகையில் குளிர் என்று பெரிதாக என்ன இருக்கிறது? நல்ல மார்கழியிலும் விடியற்காலை வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். அதுவும் அவரை மொட்டு வைக்கிற நாளில் பனியே சரியாக இறங்கியிருக்காது.

அப்படியானால் ஆடிக்கும் கார்த்திகைக்கும் நடுவே வேறு என்னதான் மாறியது?

யோசியுங்கள். அவசரம் இல்லை.

ஒரு சின்னக் குறிப்பு தருகிறேன். கார்த்திகையில் விளையாடிக்கொண்டிருக்கும்போது அம்மா சீக்கிரமாகவே, "இருட்டிடுத்து, உள்ளே வா" என்று கூப்பிடுகிறார்கள், இல்லையா? ஆமாம்! இரவு நீண்டுவிட்டது. அவரை இரவின் நீளத்தைத்தான் கணக்குப் பார்க்கிறது.

நம்ப முடியவில்லையா? நம்பவே வேண்டாம். கூடத்துச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரை எடுங்கள். அல்லது தாத்தாவின் பஞ்சாங்கத்தைக் கேளுங்கள். சூரிய உதயம், அஸ்தமனம் என்று போட்டிருக்கும். நன்னிலம் பக்கத்துக் கணக்கை நானே சொல்கிறேன். ஜூன் 21-ஆம் தேதி, அதாவது ஆனி மாதம், சூரியன் காலை 5.50 வாக்கில் உதிக்கிறது. மாலை 6.36 வாக்கில் மறைகிறது. டிசம்பர் 21-ஆம் தேதி, அதாவது மார்கழியில், காலை 6.25 வாக்கில் உதித்து மாலை 5.54 வாக்கில் மறைந்துவிடுகிறது.

பென்சிலை எடுத்துக் கழித்துப் பாருங்கள். ஆனியில் இரவு ஏறக்குறைய 11 மணி 14 நிமிடம். மார்கழியில் இரவு ஏறக்குறைய 12 மணி 31 நிமிடம். வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான்.

இது எனக்கு எப்போதுமே வியப்பாக இருக்கும் இடம். லண்டன் நகரத்தில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் நீளும். டிசம்பரில் அதே பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. அங்கே இருக்கிற செடி பருவம் மாறியதைத் தெரிந்துகொள்வதில் அதிசயம் இல்லை. நன்னிலம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. இங்கே இரவு நாளுக்கு அரை நிமிடம் என்ற கணக்கில்தான் மெல்ல மெல்ல நீள்கிறது. நமக்கு அது தெரிவதே இல்லை. வாயில்லாத, கண்ணில்லாத ஒரு கொடிக்குத் தெரிகிறது!

நம் முன்னோர்களும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஏறக்குறைய 2000 வருஷத்துக்கு முந்தைய குறுந்தொகையில் 82-ஆம் பாட்டு, அவரை பூக்கிற காலத்தைக் கடும் பனிக்காலம் என்றே சொல்கிறது. பாடியவர் கடுவன் மள்ளனார். தினை அறுத்த மலைக்கொல்லையில் படர்ந்த அவரை அது. அவரை பூத்தால் பனிக்காலம் வந்தாயிற்று என்று அந்தக் காலத்திலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஏன் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

இப்போது அந்த இரண்டு பேர் கதைக்கு வருவோம். ஒருவர் பெயர் கார்னர். இன்னொருவர் ஆலர்டு. இருவரும் அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்தவர்கள். அவர்களிடம் ஒரு புகையிலை ரகம் இருந்தது. கோடையில் அது ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். இலை மேல் இலை விடும். பூ மட்டும் வைக்காது. அதையே கண்ணாடி வீட்டுக்குள் குளிர்காலத்தில் வளர்த்தால், சின்னச் செடியாக இருக்கும்போதே பூத்துவிடும்.

அவர்கள் சோயா மொச்சையிலும் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சம் நாள் இடைவெளி விட்டு விதைத்தார்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூத்தன. பார்த்தாயா தங்கை? உன் வீட்டு அவரையும் பக்கத்து வீட்டு அவரையும் செய்த அதே வேலை!

அவர்களும் நம்மைப் போலவே ஒவ்வொரு காரணமாகச் சந்தேகப்பட்டார்கள். வெப்பமா? ஈரமா? உரமா? ஒன்றும் ஒத்துவரவில்லை. கடைசியில் 1918-ஆம் வருஷம் கோடையில் ஒரு காரியம் செய்தார்கள். செடிகளைத் தொட்டியில் வைத்து, வெளிச்சம் புகாத ஒரு கொட்டகைக்குள் பிற்பகலிலேயே தள்ளினார்கள். மறுநாள் காலையில்தான் வெளியே எடுத்தார்கள். நட்ட நடுக் கோடையிலேயே அந்தச் செடிகளுக்கு நீண்ட இரவு கிடைத்துவிட்டது. உடனே அவை பூக்கத் தொடங்கின. வெளியிலேயே நின்ற செடிகள் பூக்கவில்லை. இதை அவர்கள் 1920-ல் உலகத்துக்கு எழுதி அறிவித்தார்கள்.

இதுவரை புரிகிறதா? செடிகளுக்குத் தண்ணீரும் மற்ற எல்லாமும் ஒன்றுபோல் கொடுத்து, பகல், இரவு நீளத்தை மட்டும் மாற்றினார்கள். பூப்பது மாறியது. ஆகவே காரணம் அதுதான். அறிவியல் சோதனை என்பது இவ்வளவுதான், கண்ணுகளா. ஒன்றை மட்டும் மாற்று. மற்றதை எல்லாம் அப்படியே வை.

ஆனால் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. செடி பகலின் நீளத்தைப் பார்க்கிறதா, இரவின் நீளத்தைப் பார்க்கிறதா? பகல் குறைந்தால் இரவு கூடத்தானே செய்யும்? இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

1938-ல் ஹாம்னர், பான்னர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் முள்ளுக்காய் வைக்கிற ஒரு களைச்செடியை எடுத்துக்கொண்டார்கள். பகல் நேரத்தில் கொஞ்ச நேரம் அதை இருட்டில் வைத்தார்கள். செடி அதைக் கண்டுகொள்ளவே இல்லை, வழக்கம்போலப் பூத்தது. அடுத்து, நீண்ட இரவின் நடுவில் கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டு அணைத்தார்கள். அவ்வளவுதான், பூ நின்றுவிட்டது!

நீங்கள் வகுப்பில் பெரிய கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நேரம் ஆகுமுன்னே யாரோ தவறுதலாகப் பள்ளிக்கூட மணியை அடித்துவிட்டால் என்ன ஆகும்? எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவீர்கள். கணக்கு பாதியில் நின்றுவிடும். நடு ராத்திரியில் விழுகிற வெளிச்சம் அந்தச் செடிக்கு அப்படிப்பட்ட மணி. அதற்கு வேண்டியது இடையில் அறுபடாத, முழுசான இருட்டு.

இருட்டை எதனால் அளக்கிறது? இலைகளுக்குள் பைட்டோகுரோம் என்ற நிறமி இருக்கிறது. சிவப்பு ஒளி பட்டால் அது ஒரு வடிவத்துக்கு மாறும். இருட்டில் மெதுவாகப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். வெளிச்சம் வந்ததையும் போனதையும் அது இலைக்குச் சொல்கிறது. இலைக்குள்ளே 24 மணி நேரக் கணக்கு ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் இரவு போதுமான அளவு நீண்டுவிட்டதா என்று கொடி தெரிந்துகொள்கிறது.

இங்கே ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கையைத் தூக்குவான் என்று எனக்குத் தெரியும். "இருட்டை அளப்பது இலை. பூ வருவது கொடியின் வளரும் நுனிகளில். நுனிக்கு யார் போய்ச் சொல்வது?" அருமையான கேள்வி! 1937-ல் சோவியத் நாட்டு விஞ்ஞானி சைலாக்யான் இதையேதான் கேட்டார். இலையிலிருந்து ஏதோ ஒரு பொருள் நுனிக்குப் போகிறது என்று சொல்லி, அதற்கு ஃப்ளோரிஜென் என்று பெயரும் வைத்தார். பொருள் மட்டும் கையில் அகப்படவில்லை. 70 வருஷம் தேடினார்கள். 2007-ல்தான் அது ஒரு புரதம் என்று உறுதியானது. அதைக் காட்டிக்கொடுத்த செடிகளில் ஒன்று எது தெரியுமா? நெல்! ஜப்பானிய விஞ்ஞானிகள் நெல்லில் அதைக் கண்டார்கள்.

நெல் என்றதும் நன்னிலத்துப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் ஊர் வயலிலும் இதே கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. பழைய சம்பா ரகங்களை எப்போது விதைத்தாலும், இரவு நீண்ட பிறகுதான் கதிர் வெளியே வரும். மழைக்காலம் முடிகிற நேரத்தில் கதிர் வந்து, தை பிறக்கும்போது அறுவடைக்கு வந்து நிற்கும். பெருமழையில் பூ கொட்டிப்போகாமல் இருக்க அந்தப் பயிர்களுக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு! குறுவையாக நடுகிற குறுகிய கால ரகங்கள் வேறு மாதிரி. அவை இரவைப் பார்ப்பதில்லை. நாளை மட்டும் எண்ணிக்கொண்டு நூற்றுச் சொச்சம் நாளில் விளைந்துவிடும்.

அவரையிலும் அப்படி இரண்டு வகை உண்டு. பந்தலில் ஏறுகிற பழைய நாட்டு அவரை இரவுக்குக் காத்திருக்கும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய குத்து அவரை ரகங்கள் காத்திருக்காது. பந்தல் வேண்டாம், எந்த மாதத்திலும் காய்க்கும். கடையில் சித்திரையிலும் அவரைக்காய் கிடைப்பது இதனால்தான். குத்து அவரை நல்ல பயிர், உழவருக்கு உதவுகிற பயிர். ஆனால் ருசிக்குப் பனியில் காய்த்த பந்தல் அவரைதான் என்பது என் கட்சி!

உங்கள் தெருவிலேயே ஒரு சோதனை காத்திருக்கிறது. தெருவிளக்கு இரவு முழுக்க எரிகிற இடத்துக்குப் பக்கத்தில் யார் வீட்டுப் பந்தலாவது இருக்கிறதா? விளக்கு விழுகிற பக்கமும் இருட்டான பக்கமும் ஒரே நாளில் பூக்கின்றனவா என்று பாருங்கள். வெளிநாட்டில் சோயா வயல்களில், சாலை விளக்குக்குக் கீழே இருக்கிற செடிகள் மட்டும் பூக்காமல் பச்சையாக நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். சாமந்தி வளர்ப்பவர்கள் இதையே உபாயமாக வைத்திருக்கிறார்கள். பூவைத் தள்ளிப்போட வேண்டுமானால் ராத்திரியில் பல்பைப் போட்டு வைப்பார்கள்.

போதும், இனிமேல் பந்தலடிக்குப் போவோம். காய் பறிக்க வேண்டாமா?

பூத்துப் பிஞ்சு விட்டதும் அதைத் தினமும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பனி நாளில் இளங்கொத்துகளில் கறுப்பாக, பொடிப்பொடியாக அசுவினிப் பூச்சி அப்பிக்கொள்ளும். அடுப்புச் சாம்பலைச் சலித்து, ஈரம் இருக்கிற காலை வேளையில் தூவுவது நம் ஊர் வழக்கம். ஈர இலையில் சாம்பல் நன்றாக ஒட்டும்.

எந்தக் காயைப் பறிப்பது? கையில் எடுத்துப் பாருங்கள். தோல் பளபளப்பாக, உள்ளே விதை இலேசாகப் புடைக்கத் தொடங்கியிருக்கிற காய்தான் கறிக்கு ஏற்றது. விதை நன்றாகப் புடைத்துவிட்டால் தோல் முரடாகிவிடும். அப்போது தோலை விட்டுவிட்டு உள்ளே இருக்கிற பச்சை விதையை எடுத்துச் சமைக்கலாம். காலையில் பனி உலர்ந்ததும் பறித்தால் காய் மொறுமொறுவென்று இருக்கும். ராத்திரி முழுக்க வேர் உறிஞ்சிய தண்ணீர் காய்க்குள் நிறைந்திருப்பதே காரணம். மத்தியான வெயிலில் பறித்த காய் கொஞ்சம் துவண்டிருக்கும்.

இன்னொன்று. பாட்டிமார்கள், "பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும்" என்பார்கள். அதுவும் உண்மை. கொடியின் ஒரே நோக்கம் விதை உண்டாக்குவது. நிறையக் காய்கள் முற்றிவிட்டால், வேலை முடிந்தது என்று புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். பிஞ்சாகவே பறித்துக்கொண்டிருந்தால், விதை இன்னும் கிடைக்கவில்லையே என்று மேலும் மேலும் பூக்கும். ஆகவே இரண்டு நாளைக்கு ஒருமுறை பறிப்பது நல்லது. நிறைய இருந்தால் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.

பறித்தாயிற்று. அம்மாவோ பாட்டியோ முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, காயின் இரண்டு பக்கத்திலும் நார் எடுப்பார்கள். நீங்களும் போய் உட்காருங்கள். அந்த நார் என்ன? காய்க்குள் விதைக்குத் தண்ணீரும் சத்தும் கொண்டுவந்த குழாய்களும், அவற்றைச் சுற்றி இருக்கிற கடினமான இழைகளும் சேர்ந்ததுதான். எவ்வளவு வேக வைத்தாலும் அது மெத்தென்று ஆகாது. அதனால்தான் கையாலேயே உரித்து எடுத்துவிடுகிறோம்.

இனி அடுப்படி. மார்கழித் திருவாதிரைக்கு உங்கள் பக்கத்தில் களியும் ஏழுகறிக் குழம்பும் செய்வார்கள். சில வீடுகளில் தாளகக் குழம்பு என்பார்கள். அவரை, மொச்சை, பரங்கி, பூசணி, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி என்று ஏழு காய் போடுவார்கள். சில வீட்டில் ஒன்பதும் உண்டு. எல்லாம் நாட்டுக் காய். கேரட்டும் முட்டைக்கோஸும் கிடையாது. அவை மலைக் குளிரில் நன்றாக வருபவை. நன்னிலத்துக் கொல்லை தானாகக் கொடுப்பது இந்த ஏழும்தான். பொங்கலுக்கும் ஏறக்குறைய இதே காய்கள்தான் கூடைக்கு வரும்.

அடுத்த முறை இந்தக் குழம்பு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். முதலில் சேனையும் மொச்சையும் போகும். பிறகு வாழைக்காய், அவரை. கடைசியில் பரங்கி. எல்லாம் வெந்த பிறகுதான் புளியைக் கரைத்து விடுவார்கள். முதலிலேயே புளியை விட்டால், "காய் வேகாது, விறைச்சுப் போயிடும்" என்று பாட்டி கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

பாட்டி சொல்வது சரிதானா? அடடா, முழுக்கச் சரி!

ஒவ்வொரு காயும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளால் ஆனது. அவற்றுக்குச் செல் என்று பெயர். படித்திருப்பீர்கள். ஒரு செல்லையும் இன்னொரு செல்லையும் ஒட்ட வைத்திருக்கிற பொருள் பெக்டின். காய் பச்சையாக இருக்கும்போது கடினமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கொதிநீரில் பெக்டின் கரையக் கரைய, செல்கள் பிரிந்து காய் மெத்தென்று ஆகிறது. "வெந்தது" என்று நாம் சொல்வது இதைத்தான். புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. அமிலம் இருக்கிற தண்ணீரில் பெக்டின் சட்டென்று கரைவதில்லை. அதனால் காய் எவ்வளவு நேரம் கொதித்தாலும் விறைப்பாகவே நிற்கும்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். அடுப்புப் பக்கம் பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும், சரியா? இரண்டு சின்னப் பாத்திரம். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றதில் அதே அளவு புளித்தண்ணீர். ஒரே மாதிரி நறுக்கிய அவரைத் துண்டுகளை இரண்டிலும் போட்டு, ஒரே நேரம் கொதிக்க விடுங்கள். பிறகு எடுத்து ஆற வைத்து விரலால் நசுக்குங்கள். எது நசுங்குகிறது, எது நசுங்கவில்லை என்று உங்கள் விரலே சொல்லிவிடும்.

அப்போதே நிறத்தையும் பாருங்கள். வெறும் தண்ணீரில் வெந்த துண்டு ஓரளவு பச்சையாக இருக்கும். புளித்தண்ணீரில் வெந்தது மங்கிப் பழுப்புப் பச்சையாகிவிடும். இலைக்கும் காய்க்கும் பச்சை நிறம் தருவது பச்சையம். அதன் நடுவில் மெக்னீசியம் என்ற உலோகத்தின் அணு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அமிலம் அதை வெளியே தள்ளிவிடுகிறது. மெக்னீசியம் போனால் பளிச்சென்ற பச்சையும் போய்விடும்.

காய்க்குள்ளேயும் கொஞ்சம் அமிலம் உண்டு. கொதிக்கும்போது அதில் ஒரு பகுதி ஆவியோடு வெளியேறும். அவரைக்காய்க் கறிக்கு மூடாமல் வேக விட்டால் பச்சை கொஞ்சம் தங்குவது இதனால்தான். சிலர் பச்சை மாறாமல் இருக்கச் சோடா உப்பு போடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். நிறம் நிற்கும், ஆனால் காயில் இருக்கிற சில வைட்டமின்கள் அழிந்துபோகும். நிறத்துக்காகச் சத்தைக் கொடுத்துவிடலாமா?

சேனைக்கு வருவோம். சேனையைப் பச்சையாகத் தொட்டால் கை அரிக்கும். பிடிகருணையும் அப்படியே. அவற்றின் செல்களுக்குள் கால்சியம் ஆக்ஸலேட் என்ற பொருள் படிகங்களாக இருக்கிறது. அவற்றில் பல, ஊசி போலக் கூரானவை. தோலிலும் நாக்கிலும் தைக்கும். கிழங்கு தன்னைத் தின்ன வருகிற பிராணிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கிற ஆயுதம் அது. நன்றாக வேக வைத்துப் புளியும் சேர்த்தால் அரிப்பு அடங்கும் என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம்.

மொச்சையும் லேசுப்பட்டதல்ல. காய்ந்த மொச்சையைப் பச்சையாக வாயில் போட்டுக்கொள்ளவே கூடாது, செல்லங்களா. இதை மட்டும் மறக்காதீர்கள். அதில் செரிமானத்தைக் கெடுக்கிற பொருள்களும், உடம்புக்கு ஆகாத சில பொருள்களும் உண்டு. ராத்திரியே ஊறப் போட்டு, ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் மலர வேக வைத்த பிறகு அதே மொச்சை நல்ல புரதம் தருகிற உணவாகிவிடும்.

கடைசியாக, எல்லோருக்கும் பிடித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. பச்சைக் கிழங்கைக் கடித்தால் அவ்வளவு இனிப்பு இருக்காது. வெந்த பிறகு அப்படித் தித்திக்கிறதே, யார் சர்க்கரை போட்டது? கிழங்கே போட்டுக்கொண்டது! கிழங்கில் மாவுச்சத்து நிறைய இருக்கிறது. அதைச் சர்க்கரையாக உடைக்கிற அமிலேஸ் என்ற நொதியும் கூடவே இருக்கிறது. 60 முதல் 75 டிகிரி சூட்டில் அது சுறுசுறுப்பாக வேலை செய்யும். அதற்கு மேல் சூடு ஏறினால் நொதி செயலிழந்துவிடும். ஆகவே கிழங்கு மெதுவாகச் சூடேறினால் நொதிக்கு நிறைய நேரம் கிடைக்கும், இனிப்பும் கூடும். முழுக் கிழங்காகத் தணலில் புதைத்துச் சுட்டால் அவ்வளவு ருசியாக இருப்பதன் ரகசியம் இது. துண்டு துண்டாக நறுக்கிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அந்த அளவுக்கு இனிக்காது.

எவ்வளவு விஷயம் பார்த்துவிட்டோம்! எப்போது பூப்பது என்று கொடிக்குத் தெரிந்திருக்கிறது. எப்போது பறிப்பது, எப்போது புளி விடுவது என்று வீட்டில் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. "ஏன் அப்போது?" என்று கேட்கிற வேலை உங்களுடையது. வெட்கப்படாமல் கேளுங்கள்.

தை பிறந்ததும் பந்தலில் நல்ல பெரிய காய்களாக ஏழெட்டைப் பறிக்காமல் விடச் சொல்லுங்கள். ஒரு துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள். தோல் காய்ந்து, உள்ளே விதை கலகலவென்று ஆடும்போது பறித்து, நன்றாக உலர்த்தி, சாம்பலில் பிசறி மூடி வையுங்கள். வருகிற ஆடியில் பாதியை ஊன்றுங்கள், மீதியைப் புரட்டாசியில் ஊன்றுங்கள். ஒவ்வொன்றும் முதல் பூ விட்ட தேதியைக் காலண்டர் தாளிலேயே குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள்.